நூற்றுக்கு நாற்பத்தாறு

எனக்குத் திமிர் கொஞ்சம் அதிகம். அம்மா இதை நேராகவே சொல்வாள், கூட வேலை பார்க்கும் விஜயபாண்டி சிரித்துக்கொண்டே சொல்வான், மதுரை ஆபீஸில் எங்கள் மேலதிகாரி ஜெயக்குமார் சார் நாசூக்காகச் சொல்வார். நான் மறுத்ததில்லை. பரளச்சியில் ஊரார் புஞ்சையில் களை பறித்த மாரிக்கனியின் மகள் யுவராணி இன்று ட்ரோன் ஓட்டும் உரிமம் வைத்திருக்கிறாள், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து அளவெடுப்புக்கு அவள்தான் பொறுப்பு என்றால், கொஞ்சம் திமிர் இருந்துவிட்டுப் போகட்டுமே.

என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் அடித்த கூத்து உங்களுக்குப் புரியாது. எங்கள் ட்ரோனின் வயிற்றில் ஐந்து கண் வைத்த ஒரு கேமரா தொங்கும். ஒவ்வொரு கண்ணும் ஒரு நிறத்தை மட்டும் பார்க்கும். நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் நமக்கும் தெரிந்தவை. மற்ற இரண்டு கண்களும் சிவப்பையும் தாண்டிப் போய், மனிதர் கண்ணுக்கு எட்டாத வெளிச்சத்தைப் பார்க்கும். கடைசிக் கண் பார்ப்பது அகச்சிவப்பு. செழித்த பயிர் சிவப்பை விழுங்கிவிட்டு அகச்சிவப்பை அள்ளித் திருப்பி அடிக்கும். நோஞ்சான் பயிரால் அவ்வளவு முடியாது. ஐந்து நிறத்தின் அளவையும் வரிசையாகப் புள்ளி வைத்து இழுத்தால் ஒரு கோடு வரும். குதிரைவாலியின் கோடு வேறு, கொத்தமல்லியின் கோடு வேறு, பருத்தியின் கோடு வேறு. கோட்டைப் பார்த்து, கீழே நிற்பது என்ன பயிர், எப்படி நிற்கிறது என்று வானத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

ஆனால் வெயில் தினமும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. மல்லாங்கிணற்றில் சுள்ளென்று அடிக்கும், மறுநாள் நரிக்குடியில் மேகமூட்டமாக இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் பறக்குமுன் ஒரு சாம்பல் நிறத் தகட்டைப் படமெடுக்க வேண்டும். பேனல் என்போம். ஊர்க்காரர்கள் சிலேட்டு என்றார்கள். தன்மேல் விழும் வெளிச்சத்தில் சரிபாதியை அது திருப்பித் தரும் என்று, செய்தவர்களே அளந்து சான்றிதழோடு அனுப்பியிருக்கிறார்கள். அன்றைய வெயிலில் பேனல் எவ்வளவு தந்தது என்று தெரிந்தால், அதைக்கொண்டு பயிரின் அளவைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். தராசுக்குப் படிக்கல் எப்படியோ, எங்களுக்குப் பேனல் அப்படி. அது தப்பினால் எல்லாமே தப்பு.

மார்கழி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது குதிரைவாலிக்கு இறங்கினோம். கதிர் வெளியே வந்து இன்னும் பழுக்காத நேரம். மல்லாங்கிணறு, திருச்சுழி, நரிக்குடி, பரளச்சி என்று நான்கு ஊர், ஊருக்கு ஒரு வயல். எல்லாருக்கும் ஒரே விதை கொடுத்திருந்தார்கள். நான்கில் எது செழிப்பாக நிற்கிறதோ அந்த வயலின் கோடுதான் இந்த வானம் பார்த்த பூமியில் குதிரைவாலிக்கு மாதிரிக் கோடு. இனி எந்த ஊர் குதிரைவாலியை அளந்தாலும் அதோடுதான் ஒப்பிடுவார்கள். அந்த வயலில் விவசாயியின் பெயரெழுதி போர்டு நடுவார்கள், அதிகாரிகள் வருவார்கள்.

பட்டியல் ஒன்றிய ஆபீஸிலிருந்து வந்தது. பரளச்சிக்கு நேராக நல்லகண்ணு ஐயாவின் ஒன்றரை ஏக்கர் இருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்து மூன்று வருடமாக வெள்ளாமை செய்கிறவள் என் அம்மா. அதே நிலத்தில் இருபது வருடம் கூலிக்குக் களை பறித்தவளும் அவள்தான். பட்டியலைப் பார்த்ததும் எனக்குப் பூரித்துவிட்டது. ஆனால் அவள் வயல் அதில் வர நான் விரலைக்கூட அசைக்கவில்லை என்று சத்தியம் செய்வேன்.

விஜயபாண்டி மல்லாங்கிணற்றுக்காரன். சொந்த நிலம் உள்ள வீட்டுப் பையன், நல்ல உழைப்பாளி. அந்தச் சமயம் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான். கருப்பு வேட்டி, கருப்புச் சட்டை, காலில் செருப்பில்லை. சீமைக்கருவேல முள்ளுக்குள் வெறுங்காலோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பான். மற்ற நாளில் "ஏலே பாண்டி" என்று கூப்பிடுகிற நான், மாலை போட்டதிலிருந்து மரியாதையாக "சாமி" என்றேன். அவனுக்கு எல்லாருமே சாமி, நானும் சாமி.

முதல் நாள் மல்லாங்கிணற்றில் பேனல் வைக்கிற ஸ்டாண்டின் கால் முறிந்துபோனது. கையேட்டைப் புரட்டினேன். பேனலுக்குப் பக்கத்தில் இருப்பவர் கருப்பு உடுத்தியிருக்க வேண்டும், வெளிர்நிறத் துணி வெயிலைப் பேனல்மேல் அடித்து அளவைக் கெடுக்கும் என்று போட்டிருந்தது.

"சாமி, உங்களை விட்டா இதுக்கு ஆளே இல்ல" என்றேன்.

"அதுக்குத்தான் ஐயப்பன் அனுப்பியிருக்கான்" என்று வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பேனலை மடியில் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பூஜையில் இருப்பவன் மாதிரி ஆடாமல் அசையாமல் இருந்தான். நான் தள்ளி நின்று, ட்ரோனை அவன் தலைக்கு மேலே நிறுத்திப் படமெடுத்தேன். திருச்சுழியிலும் நரிக்குடியிலும் அப்படியே செய்தோம்.

பரளச்சியில் மட்டும் அப்படிச் செய்யவில்லை. என் ஊரல்லவா, பாதி ஊர் வரப்பில் கூடிவிட்டது. கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சாமியை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, வீட்டு முக்காலியைத் தூக்கிவந்து அதன்மேல் பேனலை நானே வைத்தேன். எல்லாம் இவளே செய்கிறாள் என்று ஊர் பார்க்க வேண்டும். வேறு காரணம் எதுவும் இல்லை.

சனிக்கிழமை அளவு வந்தது. அகச்சிவப்பில் பரளச்சி நூற்றுக்கு நாற்பத்தாறு. நரிக்குடி நாற்பத்து நான்கு, மல்லாங்கிணறு நாற்பது, திருச்சுழி முப்பத்தொன்பது.

கத்திவிட்டேன். அம்மாவின் பயிர் முதல்! ஜெயக்குமார் சாருக்கு அறிக்கை அனுப்பிய கையோடு, பரளச்சியில் எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் போன் போட்டேன். திங்கட்கிழமை போர்டு எழுதி வந்துவிட்டது. "மாதிரி வயல், குதிரைவாலி, சாகுபடி: மாரிக்கனி, பரளச்சி." வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வந்து நடுவார்கள் என்று சொன்னார்கள்.

நல்லகண்ணு ஐயா எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து போர்டைப் பார்த்தார்.

"நெலம் நம்மளது. பேரு மட்டும் மாரிக்கனியா?" என்றார்.

"நெலத்தை எடுக்கலங்கய்யா, பயிரைத்தான் படமெடுத்தோம்" என்றேன்.

அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். அவர் போர்டை இன்னொரு தரம் படித்தார். பிறகு சிரித்துவிட்டு, "சரி, வெள்ளிக்கெழமை நானும் வாரேன்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

அம்மா என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவள் பழக்கத்திலேயே கிடையாது. பள்ளிக்கூடத்தில் நான் முதல் மார்க் வாங்கி வந்தபோது, ஆட்டைப் பிடித்துக் கட்டு என்றவள் அவள். ஆனால் அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அந்தப் போர்டை ஒரு நாளைக்கு நாலு தரம் கூட்டிப் படித்தாள். கூடக் களை பறித்த பெண்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அருப்புக்கோட்டையில் எங்கள் மாடி ஆபீஸில் உட்கார்ந்து, விழாவுக்குப் படங்கள் பொறுக்கிக்கொண்டிருந்தேன். விஜயபாண்டி பேனலோடு உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று போட்டால் அவனுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நரிக்குடிப் படத்தைத் தேடினேன். அவசரத்தில் அகச்சிவப்புக் கண் எடுத்த படத்தைத் திறந்துவிட்டேன். அதில் நிறம் இருக்காது. வெளிச்சத்தை அதிகம் திருப்பித் தந்த இடம் வெள்ளையாக இருக்கும், விழுங்கிய இடம் கருப்பாக இருக்கும்.

படத்தில் விஜயபாண்டி வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும் கட்டியிருந்தான். துவைத்து நீலம் போட்ட வெள்ளை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சாமி, இங்க வாங்க. மாலை போட்ட ஆளு கட்சி மீட்டிங்குக்குக் கெளம்பிட்டீக" என்று கூப்பிட்டேன். அவன் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "சாமியே சரணம், எனக்கு எப்ப சாயம் போச்சு?" என்றான். கண்ணுக்குக் கருப்பாகத் தெரிகிற சாயம் அகச்சிவப்பை விழுங்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை, சில கருப்புத் துணிகள் அதைப் பளீரென்று திருப்பி அடித்துவிடும் என்று அவனுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி விளக்கத்தில் என் வாய் நின்றுவிட்டது.

சட்டை திருப்பி அடித்த வெளிச்சம் எங்கே போயிருக்கும்? நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்த பேனல்மேல்தான்.

பேனலில் கூடுதலாக அகச்சிவப்பு விழுந்தால், இன்றைக்கு வெயில் பலமாக அடிக்கிறது என்று கணக்கு நினைத்துக்கொள்ளும். நினைத்துக்கொண்டு, பயிரின் அளவைக் குறைத்துவிடும். அப்படியானால் அவன் உட்கார்ந்த மூன்று ஊரின் அளவும் குறைச்சல். முக்காலியில் வைத்த பரளச்சி மட்டும்தான் சரி.

மாடிக்கு ஓடினோம். பேனலை ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துப் படமெடுத்தேன். அப்புறம் அவனைச் சம்மணம் போடச் சொல்லி, மடியில் வைத்து எடுத்தேன். பக்கெட்டில் நூறு என்றால் மடியில் நூற்றுப் பத்து. இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்தால் நூற்றுப் பதிமூன்று. சிவப்பிலும் பச்சையிலும் ஒரு வித்தியாசமும் இல்லை. அகச்சிவப்பில் மட்டும்தான் இந்த வேலை நடந்திருந்தது.

விஜயபாண்டிக்கு முகம் செத்துவிட்டது. "எம்மேலதான் தப்பா சாமி? சொல்லியிருந்தா சட்டையைக் கழட்டிட்டு உக்காந்திருப்பேனே."

"ஒடம்பும் அப்படித்தான் வெளுக்கும் சாமி. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. உக்காரச் சொன்னவ நான்."

இதை விடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சனிக்கிழமையே நான் கவனித்திருக்க வேண்டும். மூன்று ஊரிலும் மற்ற நிறமெல்லாம் ஒழுங்காக இருக்கும்போது அகச்சிவப்பு மட்டும் எப்படி ஒன்றுபோலக் குறையும் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. என் ஊர் ஜெயித்துவிட்டது, அதனால் கேட்கவில்லை. பரளச்சி கடைசியில் நின்றிருந்தால் அன்றைக்கே கேமராவைக் கழற்றி அக்கு வேறு ஆணி வேறாகப் பார்த்திருப்பேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை விஜயபாண்டி பார்க்காதபடி பக்கெட்டைக் கொண்டுபோய் உள்ளே வைத்தேன்.

ஜெயக்குமார் சாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் களைத்த மனிதர். ஆறு ஊரில் ஆறு வேலை அவருக்கு.

"அறிக்கை அனுப்பியாச்சும்மா. வெள்ளிக்கிழமை ஆட்கள் வர்றாங்க. மூணு ஊருக்கும் பத்து சதவீதம் கூட்டிப் போட்டுத் திருத்தி அனுப்பிடலாமே?"

"அவரு எந்த வயல்ல எவ்வளவு ஒட்டி உக்காந்தார்னு யாருக்குத் தெரியும் சார்? பத்தும் இருக்கலாம், பதிமூணும் இருக்கலாம். மறுபடி பறக்கணும். ரெண்டு நாள் குடுங்க. அதுக்கு மேல போனா கதிர் பழுத்துரும்."

"யுவராணி, யாருமே கேட்கலை. கேட்கவும் மாட்டாங்க. முதல்ல நிக்கிறது உங்க அம்மா வயல், தெரியும்ல?"

"தெரியும் சார். அதனாலதான் பறக்கணும்னு சொல்றேன்."

"சரி, பற. ஆனா அறிக்கையில இந்தத் தப்பு உன் பேர்லதான் இருக்கும். அடுத்த வேலைக்கு உன்னையே பொறுப்பாப் போடச் சொல்லி என்னால வாதாட முடியாது" என்றார்.

"இருக்கட்டும் சார்" என்றேன். அவர் சொன்னபடியே நடந்தது. அடுத்த அளவெடுப்புக்கு மதுரையிலிருந்து ஒருவர் பொறுப்பாக வந்தார். பேனல் பக்கம் யாரும் பத்தடிக்குள் வரக்கூடாது என்று அவரை நான்தான் தள்ளி நிற்கச் சொன்னேன், அவரும் நின்றார்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு எனக்கு ஜெயக்குமார் சாரை விட அம்மாவைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. பரளச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், வழியெல்லாம் கரிசலில் மல்லியும் பருத்தியும் பச்சையாக நிற்கின்றன. எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நாலும் நன்றாக இல்லை.

அம்மா ஆட்டுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தாள். நேராகச் சொல்லிவிட்டேன். மற்ற மூன்று ஊரையும் தப்பாக அளந்துவிட்டேன், மறுபடி அளந்தால் அவர்கள் அளவு கூடும், நரிக்குடி அநேகமாக உன்னைத் தாண்டிவிடும் என்றேன்.

அவள் குழையைக் கட்டி முடித்தாள். திரும்பினாள்.

"நாந்தான் முதல்னு சொல்லச் சொல்லி ஒங்கிட்ட நானா கேட்டேன்?"

"இல்லம்மா."

"ஊரெல்லாம் போன் போட்டது யாரு?"

"நாந்தான்."

"அந்த மனுசன் வாசல்ல வந்து நின்னப்ப, நெலத்தை எடுக்கல பயிரை எடுத்தோம்னு வாயடிச்சது யாரு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. போர்டு சுவரில் சாய்ந்து நின்றது. அதைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்ப எம்பயிரு நோஞ்சானா?"

"இல்லம்மா. ஒன் அளவு மாறல. நாப்பத்தாறு நாப்பத்தாறுதான். மத்தவுக அளவுதான் கூடும்."

"அந்த நரிக்குடிக்காரி பேரு என்ன?"

"அழகுத்தாய்."

"நானும் வாரேன்" என்றாள். "ஒம் மிசினு சொல்றதை நான் இனி கேக்க மாட்டேன். ஒருதரம் கேட்டதுக்கு ஊருக்கு முன்னால தலை குனிய வச்சிருச்சு. அவ பயிரை எங்கண்ணால பாக்கணும். பாத்துட்டு நான் சொல்லுவேன், யாருது ஒசத்தின்னு."

புதன்கிழமை மல்லாங்கிணற்றிலும் திருச்சுழியிலும் பரளச்சியிலும் பறந்தோம். பேனலை முக்காலியில் வைத்துவிட்டு எல்லாரும் பத்தடி தள்ளி நின்றோம். விஜயபாண்டி இருபதடி தள்ளி நின்றான். போதும் சாமி என்றாலும் கேட்கவில்லை. மல்லாங்கிணறு நாற்பத்து நான்குக்கு ஏறியது, திருச்சுழி நாற்பத்து மூன்று. பரளச்சி அதே நாற்பத்தாறு.

வியாழக்கிழமை காலையில் லோடு ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் அம்மா, பின்னால் பெட்டிகளோடு நாங்கள் இருவர். நரிக்குடி போகிற வரைக்கும் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழகுத்தாயின் வயல் கண்மாய்க்கு மேட்டுப்பக்கம் இருந்தது. அவள் நாற்பது வயது மெலிந்த பெண், ஆடு இறங்காமல் இருக்கக் கம்போடு வரப்பில் நின்றாள். இரண்டாம் தடவை ஏன் வருகிறார்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அம்மாவை ஆபீஸிலிருந்து கூட வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

நாங்கள் பெட்டியைத் திறப்பதற்குள் அம்மா வயலுக்குள் இறங்கிவிட்டாள். சேலையைச் சொருகிக்கொண்டு ஒரு தூரைப் பிடித்து, எத்தனை கிளை விட்டிருக்கிறது என்று எண்ணினாள். பத்தடி தள்ளிப் போய் இன்னொரு தூரை எண்ணினாள். கதிரை உள்ளங்கையில் தாங்கிக் கனம் பார்த்தாள். தூருக்கு இடையில் விரலை விட்டு மண்ணைக் கிளறினாள். ஒரு மூலை விடாமல் நடந்துவிட்டு வந்தாள். மட்டம் என்று சொல்லிவிடுவாளோ, சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இருபது வருடம் களை பறித்த கை அது, அதோடு நான் மல்லுக்கு நிற்க முடியாது.

"எத்தனை களை எடுத்த?" என்று அழகுத்தாயைக் கேட்டாள்.

"மூணுக்கா. மூணாவது களைக்கு ஆள் கிடைக்கல, நானும் எம்மகளுமா எடுத்தோம்."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். "நான் ரெண்டோட விட்டேன். போதும்னு நெனச்சேன்" என்றாள் யாரிடமோ சொல்வதுபோல. பிறகு என் பக்கம் திரும்பி, "இவ பயிருதாண்டி நல்லாருக்கு. நீ ஒம் மிசினை ஏத்து" என்றாள்.

முக்காலியை ஊன்றி, பேனலை வைத்து, எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லிப் படமெடுத்தேன். மேகமில்லை. ட்ரோன் வயலுக்கு மேலே கோடு போட்டாற்போல் போய்த் திரும்பி வந்தது. லேப்டாப்பை லோடு ஆட்டோ நிழலில் வைத்து, பேனல் படத்தையும் நடுவயல் படத்தையும் மட்டும் போட்டுப் பார்த்தேன். முழுக் கணக்கு வர இரவாகும், ஆனால் இதுவே போதும்.

"எத்தனை?" என்றாள் அம்மா.

"நாப்பத்தொம்போது."

"நாந்தான் சொன்னேன்ல" என்றாள்.

அழகுத்தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "ஏக்கா, என்னதான் நடக்குது? போன வாரம் எங்க பயிரு ரெண்டாவதுன்னாக. இப்ப மறுபடி வந்து படம் புடிக்கிறாக. நீங்க யாரு, ஆபீஸா?"

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டாள்.

"நான் ஆபீஸ் இல்ல தாயி. பரளச்சி மாரிக்கனி. முதல்ல நின்ன பயிரு என்னுது. எம்பேரைப் போட்டு போர்டே எழுதியாச்சு, நாளைக்கு நடணும், ஊரையே கூப்புட்டு வச்சிருக்கேன்."

அழகுத்தாய் கம்பைக் கீழே ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

"இந்தா நிக்கிறாளே, இவ எம்மக. இவதான் அளந்தா, தப்பா அளந்துட்டா. ஆபீஸருக்குத் தெரியாது, ஒனக்குத் தெரியாது, ஊர்ல ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. இவளே கண்டுபிடிச்சு, இவளே போன் போட்டுச் சொல்லி, பெத்தவ பேரை அழிச்சுட்டு ஒம்பேரை எழுத வந்திருக்கா. இப்படி ஒருத்தியைப் பெத்து வச்சிருக்கேன். நாளைக்கு நல்லகண்ணு ஐயா வந்து நிப்பாருல்ல, அவருகிட்டயும் இதைத்தான் சொல்லப் போறேன்."

அதைச் சொல்லும்போது அவள் தலை, போர்டு வந்த அன்றைக்கு நிமிர்ந்திருந்ததை விட இன்னும் நிமிர்ந்திருந்தது. என் காதுபட அம்மா என்னைப் பற்றி ஒருவரிடம் பெருமை பேசியது அதுதான் முதல் தடவை. இருபத்தாறு வருடம் காத்திருந்திருக்கிறேன். விஜயபாண்டி என்னைப் பார்த்தான், நான் லேப்டாப்பைப் பார்த்தேன், எண்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தன.

அம்மா அதற்குள் அழகுத்தாயோடு வயலுக்குள் இறங்கி, மூன்றாவது களையை விதைத்து எத்தனையாவது நாள் எடுத்தாய் என்று கேட்க ஆரம்பித்திருந்தாள்.